போனைக் கையில் வாங்காத பிள்ளைக்கு

ஜங்ஷன் ரீசார்ஜ் கடையில் இருக்கிற மக்ளே,

நேரில் நன்றி சொன்னால், "அதெல்லாம் எதுக்கும்மா, பொறத்தால ஆளு நிக்காவ" என்று பேச்சை மாற்றிவிடுவாய். அதனால் எழுதுகிறேன், அதுவும் நாலு பேர் வாசிக்கும்படி பத்திரிகையில். உன் பெயரைப் போடவில்லை, கடைப் பெயரையும் போடவில்லை. போட்டால் விளவங்கோட்டிலிருந்தும் தோவாளையிலிருந்தும் கிழவிகளும் கிழவன்மாரும் பஸ் ஏறி வந்து உன் சின்னக் கடையை அடைத்துவிடுவார்கள். பெயர் இல்லாததில் வேறொரு வசதியும் உண்டு. தக்கலையிலும் கருங்கலிலும் குலசேகரத்திலும் கொட்டாரத்திலும் ரீசார்ஜ் கடைகளிலும் இ-சேவை மையங்களிலும் உட்கார்ந்துகொண்டு, தங்கள் சோலிக்கு நடுவே வயசாளிகளுக்குப் போன் சொல்லிக்கொடுக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களும் இதைத் தங்களுக்கு வந்த கடிதமாக எடுத்துக்கொள்ளட்டும்.

நன்றி எதற்கு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் கையில் இருக்கிற போனை நீ வாங்குவதே இல்லை. அதற்குத்தான்.

பெற்ற பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். போன் தருவார்கள், துபாயிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ தவறாமல் ரீசார்ஜும் போட்டுவிடுவார்கள். ஆனால் "இதொண்ணு எப்பிடின்னு காட்டித் தா மக்ளே" என்று கேட்டால், "இஞ்ச தாங்கம்மா" என்று போனை வாங்கி, கண் இமைப்பதற்குள் நாலு தட்டுத் தட்டி, "ஆச்சு, இந்தாங்க" என்று திருப்பித் தந்துவிடுவார்கள். வேலை முடிந்திருக்கும், நமக்கு ஒன்றும் மனசிலாகியிருக்காது. அடுத்த தடவை அதே வேலைக்கு அவர்களிடமே போய் நிற்க வேண்டும். கொஞ்ச நாளில் கேட்பதற்கே கூச்சம் வந்துவிடும். "அம்மைக்கு போனெல்லாம் ஒத்து வராது" என்று வீட்டில் தீர்ப்பும் எழுதியாகிவிடும்.

நீ மேஜைக்கு அந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாய். மிஞ்சிப் போனால் பேனாவைத் தலைகீழாகப் பிடித்து, கண்ணாடியில் படாமல், "இந்தப் பச்சை இருக்குல்லா, அதுல தொடுங்க" என்று காட்டுவாய். தொடுவது நாங்கள்தான். தப்பாகத் தொட்டால் போன் வேறெங்கோ போய் நிற்கும். அப்போதும் கையை நீட்ட மாட்டாய். "ஒண்ணும் ஆகாது, வந்த வழியே திரும்பி வாங்க" என்பாய். போன் கெட்டுப்போகாது, பணம் தானாகப் போய்விடாது, எங்கே போய் மாட்டிக்கொண்டாலும் திரும்பி வர வழி இருக்கிறது. உன்னிடம் வருகிற எல்லோருக்கும் இதுதான் முதல் பாடம். வாட்ஸ்அப்பும் யூடியூபும் அதற்குப் பிறகு.

கிராமத்து ஜனங்களுக்குக் கணினியும் போனும் கற்றுக்கொடுக்க மத்திய அரசு 2017-ல் ஒரு பெரிய திட்டம் தொடங்கியது உனக்குத் தெரிந்திருக்கலாம். பிரதம மந்திரி கிராமப்புற டிஜிட்டல் எழுத்தறிவு இயக்கம் என்று நீளமான பெயர். 6 கோடி வீடுகள், வீட்டுக்கு ஒருவர் என்பது இலக்கு. 2024 மார்ச்சோடு முடிந்துபோனது. அதில் சேர வயது 14 முதல் 60 வரை. அறுபதைத் தாண்டினவர்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை! பென்ஷன் தொடங்குகிற வயது, பிள்ளைகள் தூரதேசம் போய் வீட்டில் இரண்டு பேராகவோ ஒற்றையாகவோ மிஞ்சுகிற வயது. பேங்க், ரேஷன், கரண்டு பில் எல்லாம் போனுக்குள் போய் உட்கார்ந்துகொண்ட பிறகு, அதிகம் தேவைப்பட்ட ஆட்களுக்கு வகுப்பில் இடம் இருக்கவில்லை.

அந்த ஆட்கள் கொஞ்சப் பேரும் இல்லை. 2021-க்கான மதிப்பீட்டில் நாடு முழுவதும் நூற்றுக்கு 10.1 பேர் அறுபது தாண்டியவர்கள், தமிழ்நாட்டில் 13.6, கேரளத்தில் 16.5. நம் கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரைக்கும் அந்தப் பக்கம் இருந்ததுதானே. குழந்தை குறைவு, வெளியூர் வேலை, பூட்டிய வீடுகள், திண்ணையில் முதியவர்கள் என்று எல்லாவற்றிலும் அந்தச் சாயல் போகவில்லை. 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டில் முதலிடம் பிடித்தோம் என்று மேடைக்கு மேடை சொல்லிக்கொள்கிறோம். எழுத்துப் படித்த அந்த ஜனங்களே போனை வைத்துக்கொண்டு திகைத்து நின்றபோது ஒரு பெஞ்சு போட்டு உட்கார வைக்க ஆளில்லை.

எல்லையில் இருக்கிற களியக்காவிளையைத் தாண்டினால் கதை வேறு. திருவனந்தபுரம் மாவட்டத்தில் புல்லம்பாறை என்றொரு பஞ்சாயத்து. ஊரில் யாருக்கெல்லாம் போன் தெரியாது என்று வீடு வீடாகக் கணக்கெடுத்து, நூறுநாள் வேலை நடக்கிற இடத்துக்கே போய்க் கற்றுக்கொடுத்து, 2022-ல் மாநிலத்திலேயே முதல் முழு டிஜிட்டல் எழுத்தறிவுப் பஞ்சாயத்து என்று பெயர் வாங்கினார்கள். அதையே 'டிஜி கேரளம்' என்று மாநிலம் முழுக்க விரித்தார்கள். 21 லட்சத்துக்கும் அதிகமானவர்களுக்குக் கற்பித்தாகிவிட்டது என்று 2025 ஆகஸ்ட் 21 அன்று அறிவிப்பு வந்தது. நூறு வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவரும் கற்றுக்கொண்டார் என்று செய்தியில் காட்டினார்கள். அரசாங்க அறிவிப்புகளில் கொஞ்சம் ஜிகினா ஒட்டியிருக்கும் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் வயசாளிகளையும் மாணவர் பட்டியலில் எழுதினார்களே, அது கொள்ளாம். இங்கே அந்தப் பட்டியலை உன் கடையில் நீயாக எழுதிக்கொண்டாய். அங்கே போலக் குடும்பஸ்ரீப் பெண்கள் குழு உன் பின்னால் நிற்கவில்லை. ரீசார்ஜுக்குக் கிடைக்கிற சில்லறைக் கமிஷன்தான் உனக்கு.

உன் கடைக்கு வருகிற போன்களை ஓரமாக உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். முக்கால்வாசி பழையவை. மகன் புதிது வாங்கினதும் பழையது அம்மைக்கு வரும். முனையில் கீறல், பாதி நாளில் இறங்கிவிடுகிற சார்ஜ், நிரம்பி வழிகிற மெமரி, திறந்தால் மகனுடைய ஆபீஸ் மெயில். கண்ணும் காதும் மங்கின ஆளுக்கு இருப்பதிலேயே மோசமான போன் போய்ச் சேருகிறது. பிறகு அம்மைக்கு வரவில்லை என்கிறார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகள் இதை வாசித்தால் ஒரு விண்ணப்பம்: புதிதை அம்மைக்குக் கொடுங்கள், பழையதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். சமாளிக்கிற சாமர்த்தியம் உங்களுக்குத்தானே இருக்கிறது.

போன் நன்றாக இருந்தாலும் விரல் ஒத்துழைக்க வேண்டும். அண்டியாபீஸில் வேலை செய்த பெண்கள் எத்தனை பேர் உன்னிடம் வருகிறார்கள்! முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டுப் பட்டு விரல்நுனி வெந்து, ரேகை அழிந்து, ரேஷன் கடை மிஷினில் பதிவு விழாமல் அலைக்கழிந்தவர்கள். ரப்பர் வெட்டிய கை, கயிறு திரித்த கை, வயலில் களை பறித்த கை. இந்தக் கைகள் போனை ஓங்கி அமுக்கும். கதவோ சுவிட்சோ அமுக்கினால்தானே கேட்கும் என்பது அனுபவம். போன் அமுக்கத்தைப் பார்ப்பதில்லை என்று நீ சொல்லித்தான் எனக்கே தெரியும். கண்ணாடிக்கு அடியில் மெல்லிய மின்னூட்டம் பரவியிருக்கிறது, விரல் படுகிற இடத்தில் அது கொஞ்சம் மாறுகிறது, அந்த மாற்றத்தைத்தான் போன் கண்டுகொள்கிறது. தோல் காய்ந்து தடித்திருந்தால் மாற்றம் சரியாகப் பதியாது. பதியவில்லையே என்று இன்னும் ஓங்கி, இன்னும் அதிக நேரம் அமுக்குவோம். நேரம் நீண்டால் அது போனுக்கு வேறொரு கட்டளை. படங்கள் இடம் மாறும், நீக்கவா என்று கேட்கும், பயத்தில் அதையும் தொட்டுவிடுவோம்.

இதற்கு நீ கண்டுபிடித்த மருந்து மேஜையில் கிடக்கும் ஈரத்துணி. விரலை அதில் ஒற்றிவிட்டுத் தொடச் சொல்வாய். அதோடு செட்டிங்ஸுக்குள் எங்களையே போகவைத்து, தொட்டுப் பிடிக்கிற நேரத்தை நீட்டிவைக்கச் சொன்னாய், எழுத்தைப் பெரிதாக்கச் சொன்னாய். இந்த வசதிகள் போனுக்குள்ளேயே பல வருஷமாக இருக்கின்றன. இருப்பதைச் சொல்ல ஆள் வேண்டியிருந்தது.

1989-ல் பிரெட் டேவிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், மனிதர்கள் ஒரு புதுக் கருவியை ஏற்பதற்கு இரண்டு காரணங்களைச் சொன்னாராம். இது எனக்கு உதவும் என்கிற எண்ணம் ஒன்று, இது எனக்குக் கஷ்டமில்லை என்கிற எண்ணம் இன்னொன்று. இரண்டில் உதவும் என்பதற்குத்தான் கனம் அதிகம் என்றும் கண்டாராம். என் பேத்தி கல்லூரிப் பாடத்திலிருந்து வாசித்துக் காட்டினாள். டேவிஸை நீ படித்திருக்க மாட்டாய். ஆனால் கடைக்குள் ஏறுகிற கிழவியிடம் நீ முதலில் கேட்பது, "போன்ல உங்களுக்கு என்ன வேணும்?" என்பதைத்தான்.

வருகிற பதில்கள்தான் எவ்வளவு விதம்! ஒரு பாட்டாவுக்குச் சின்ன வயதில் கோயில் கொடையில் கேட்ட வில்லுப்பாட்டு வேண்டும். விடிய விடியக் கேட்ட கதையை யூடியூபில் கண்டெடுத்துக் கடைவாசலில் நின்றே தலையை ஆட்டினார். இன்னொருவருக்குச் சுசீந்திரம் மார்கழித் தேரோட்டம், முட்டு வலியால் போக முடியாதவர். 2022 மே 15 அன்று வாட்டிகனில் தேவசகாயம் பிள்ளைக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். நட்டாலத்தில் பிறந்து, காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டு, கோட்டாறு சவேரியார் கோயிலில் அடக்கமான நம்ம ஊர் ஆள். அதை நேரலையில் பார்க்க வேண்டும் என்பதற்காகவே போனைக் கற்றுக்கொள்ள வந்தவர்கள் உண்டு. போன் வேண்டவே வேண்டாம் என்று வருஷக்கணக்காகப் பிடிவாதம் பிடித்தவர்கள் அவர்கள். பிடிவாதம் என்று நாம் சொல்கிறோம். அவர்களைப் பொறுத்தவரை அதுவரைக்கும் அந்தப் போனில் அவர்களுக்கு ஒன்றும் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

வடசேரி கனகமூலம் சந்தையில் காய்கறி விற்கிற அம்மைமாரைப் பார். எழுத்து வாசிக்கத் தெரியாதவர்கள்கூட க்யூஆர் அட்டையும் அந்தச் சின்ன ஒலிப்பெட்டியும் வைத்திருக்கிறார்கள். இத்தனை ரூபாய் வந்தது என்று பெட்டி தமிழில் சத்தம் போட்டுச் சொன்னால்தான் பையைக் கையில் கொடுப்பார்கள். வாங்குகிறவன் நீட்டுகிற திரையை அவர்கள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. யுபிஐ 2016-ல் வந்தது, அந்தப் பெட்டிகள் பிறகு வந்தன. காதை நம்பி வியாபாரம் செய்கிறவர்களுக்குக் காதுக்கான கருவி வந்ததும் ஏற்றுக்கொண்டார்கள். வயதானவர்கள் மாற்றத்துக்குப் பயப்படுகிறார்கள் என்று எழுதுகிறவர்களை ஒரு காலைநேரம் அந்தச் சந்தைக்கு அனுப்ப வேண்டும்.

கடற்கரையிலிருந்து வருகிற அந்தப் பெரியவரையும் நினைத்துக்கொள்கிறேன். கடலுக்குப் போவதை நிறுத்தி நெடுநாளானவர். ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் நிறுவனம் தருகிற அலை எச்சரிக்கையை உன்னிடம் பெரிதாக்கிக் காட்டச் சொல்லி வாசித்துவிட்டு, "கள்ளக்கடல்னு போட்டிருக்கானா? இத நாங்க சொல்லித்தானே அவனுக்குத் தெரியும்" என்று சிரித்தார். காற்றே இல்லாத நாளில் எங்கோ தெற்குக் கடலில் கிளம்பிய அலை இங்கே கரையேறுவதற்கு மீனவர்கள் வைத்த பெயர்தான் அது. இன்று விஞ்ஞானிகளும் அதையே எழுதுகிறார்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது, கரையில் எத்தனை போன் இருந்தும் ஆழ்கடலில் கிடந்தவர்களுக்கு ஒரு சொல் போய்ச் சேரவில்லை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கத்துத் தாய்மார் கையில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த நாட்களுக்குப் பிறகு, கடற்கரைக் கிழவர்களிடம் போனைப் பற்றி நீயும் நானும் அதிகம் பேசக் கூடாது. அதன் எல்லை எதுவரை என்பது அவர்களுக்கு நம்மைவிடத் தெரியும்.

இப்போது என் பழைய வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால்தான் உன் பேரில் எனக்கு இருக்கிற மதிப்பு எப்படிப்பட்டது என்று விளங்கும்.

வேலைக்காலம் முழுவதும் தபாலாபீஸ் கவுண்டருக்குள் உட்கார்ந்திருந்தவள் நான். வளைகுடாவிலிருந்து நீலக் கடிதம் வந்த காலம். வாங்கின கையோடு, "அக்கா, இதொண்ணு வாசிச்சுத் தாங்க" என்று கவுண்டருக்கு உள்ளே நீட்டுவார்கள். வாசிக்கத் தெரிந்தவர்களும் நீட்டுவார்கள், கண்ணாடி இருக்காது, அல்லது தனியாக வாசிக்கத் தைரியம் இருக்காது. ஒருத்தியின் புருஷன் எவ்வளவு அனுப்பினான், எந்த மாதம் அனுப்பவில்லை, மாமியாருக்குத் தெரியாமல் யாருக்கு மணியார்டர் போகிறது, பட்டாளத்திலிருந்து வந்த தந்தியில் என்ன இருந்தது, எல்லாம் எங்களுக்குத் தெரியும். பதில் எழுதிக் கொடுப்பதும் நாங்கள்தான். அவர்கள் அழுதுகொண்டே சொல்வதை அழாத வாக்கியங்களாக்கி எழுதுவோம். கவுண்டருக்குள் வந்தது கவுண்டருக்குள்ளேயே செத்துப்போக வேண்டும் என்று எனக்கு மூத்த போஸ்ட்மாஸ்டர் முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டார். தந்தியை 2013 ஜூலையில் நிறுத்தினார்கள். வாசித்துத் தரச் சொல்லிக் கடிதம் நீட்டுகிறவர்கள் அதற்கும் முன்பே நின்றுபோனார்கள். அந்த வேலை உலகத்திலிருந்தே போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

போகவில்லை. உன் மேஜைக்கு வந்துவிட்டது. பேங்கிலிருந்து வருகிற மெசேஜை உன்னிடம்தான் காட்டுகிறார்கள். ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜில் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டின் படத்தை உன்னிடம்தான் பெரிதாக்கச் சொல்கிறார்கள். மருமகள் அனுப்பின குரல் செய்தி உன் கடையில் சத்தமாக ஓடிவிடுகிறது, நீ விருட்டென்று எழுந்து கவர் அடுக்குகிற மாதிரி பின்பக்கம் போய்விடுவாய். இத்தனை வருஷத்தில் உன் மேஜையில் கேட்ட ஒரு வார்த்தை ஜங்ஷன் டீக்கடையில் பேச்சாக வந்ததில்லை. நம் ஊரில் அது எவ்வளவு அபூர்வம் என்பது இங்கே பிறந்தவர்களுக்குத் தெரியும்.

பின் நம்பர் போடும்போது நீ முகத்தைத் திருப்பிக்கொள்வதையும் கவனித்திருக்கிறேன். "என்கிட்ட சொல்லாதீங்க பாட்டா, நான் காதைப் பொத்திக்கிடுதேன்" என்று நீ சொல்ல, அவர் அதைக் கடை முழுக்கக் கேட்கும்படி ஒவ்வொரு எண்ணாகச் சொல்லித் தட்டுவார். ஒருவர் பின் நம்பர் என்றதும் 629-ல் தொடங்குகிற தபால் பின்கோட்டையே வைத்துவிட்டார். ஊருக்கே தெரிந்த நம்பர்! 1972-ல் தபால் இலாகா அந்தப் பின்கோட்டைக் கொண்டுவந்தபோது மனப்பாடம் பண்ணச் சொல்லி ஊர் ஊராகச் சொன்னோம். அவர் சொன்ன பேச்சுக் கேட்டவர், பாவம். நீ சிரிக்காமல் அவரை உட்கார வைத்து, அவர் மட்டுமே அறிந்த ஏதோ ஒரு வருஷத்தை நினைத்துக்கொள்ளச் சொன்னாய்.

ஏமாற்றுக்காரர்கள் விஷயத்தில் நீ கண்டிப்பானவள். இன்று ராத்திரி கரண்டைத் துண்டிக்கப்போகிறோம் என்று மெசேஜ் வந்தால் அதைத் தொடக்கூடாது. ஓடிபியைக் கேட்கிறவன் யாராக இருந்தாலும் போனை வைத்துவிட வேண்டும். போலீஸ் உடுப்பில் ஒருவன் வீடியோவில் வந்து உங்களைக் கைது செய்திருக்கிறோம் என்றால், அப்படியொரு கைது சட்டத்திலேயே கிடையாது. இதைப் பிரதமரே 2024 அக்டோபரில் வானொலிப் பேச்சில் சொல்ல வேண்டி வந்தது. பணம் போய்விட்டால் அழுதுகொண்டிருக்காமல் உடனே 1930-க்கு அடிக்க வேண்டும். இதெல்லாம் எங்களுக்கு இப்போது பாராமல் சொல்ல வரும். ஆனால் நான் மதிப்பது நீ சொல்லாமல் விடுகிற ஒன்றை. ஏமாந்து வந்தவர்களிடம், "எத்தனை தடவை சொன்னேன்" என்று நீ கேட்பதில்லை. அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் வயசாளிகள் பிள்ளைகளிடம் மறைக்கிறார்கள், மறைத்துவிட்டு மேலும் ஏமாறுகிறார்கள்.

குரல் செய்தியைப் பற்றி எழுதாவிட்டால் இந்தக் கடிதம் நிறைவாகாது. எண்பதுகளில் வளைகுடாவுக்குக் கேசட் போகும். வீட்டில் எல்லோரும் டேப் ரிக்கார்டரைச் சுற்றி உட்கார்ந்து, பாட்டி இருமுவது, கோழி கொக்கரிப்பது, பிள்ளை பாடுவது உட்படப் பதிந்து, வளைகுடாவுக்குத் திரும்புகிற யாராவது ஒருவர் கையில் கொடுத்தனுப்புவார்கள். பதில் கேசட் வர மாதங்களாகும். வாட்ஸ்அப்பில் 2013-ல் குரல் செய்தி வந்தபோது இளைஞர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் தலைமுறைக்கு அது கேசட்டின் மறுபிறப்பு. எழுத்துப்பிழை இல்லை, சின்ன எழுத்துப் பலகையில் விரல் தேட வேண்டாம், மகன் வேலையில் இருந்தால் பிறகு கேட்டுக்கொள்வான். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிந்தது, நவம்பரில் வாட்ஸ்அப்பில் வீடியோ அழைப்பு வந்தது. முகம் பார்க்கலாம் என்றாலும் எல்லோரும் போனை வழக்கம்போலக் காதில் வைத்துக்கொண்டு பேசினோம். மகன்மார் வருஷம் முழுக்கத் தாயின் காதையும் வீட்டு ஓட்டையும் பார்த்தார்கள். நீதான் ஒரு பழைய அட்டைப்பெட்டியை வெட்டி, போனைச் சாய்த்துவைக்கத் தாங்கி செய்துகொடுத்தாய்.

2017-ல் கூகுளில் தமிழில் பேசினால் எழுத்தாகும் வசதி வந்ததும் அதையும் காட்டினாய். நம் பேச்சு அதற்குப் பிடிபடத்தான் மாட்டேன் என்கிறது. "மரச்சீனி விலை எவ்வளவு" என்று நான் கேட்டதற்கு அது காட்டியதை இங்கே எழுத முடியாது. செய்தி வாசிக்கிற தமிழில் பேசினால் கேட்கிறது. வயசான காலத்தில் போனுக்காக உச்சரிப்பை மாற்றிக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் பென்ஷன்காரர்கள் சார்பாகத் தனியாக ஒரு நன்றி. நவம்பர் வந்தால் உயிரோடு இருக்கிறோம் என்று சான்று கொடுக்க பேங்கில் வரிசை நிற்போம். 2014-ல் ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் சான்று வந்து, விரல்ரேகை வைத்தால் போதும் என்றார்கள். ரேகை விழவேண்டுமே! தபால்காரர் வீட்டுக்கே வந்து எடுத்துத் தருவார், கட்டணம் 70 ரூபாய். என் இலாகாவின் அந்த ஏற்பாட்டில் எனக்குப் பெருமை உண்டு. 2021 நவம்பரில் போன் கேமராவில் முகத்தைக் காட்டினாலே போதும் என்று ஆனது. இரண்டு செயலிகள் ஏற்ற வேண்டும், முதல் தடவை கொஞ்சம் சுற்றி வளைக்கும், கடைசியில் கண்ணைச் சிமிட்டச் சொல்லும். சிமிட்டினால் உயிரோடிருப்பதாக அரசாங்கம் ஒப்புக்கொள்ளும். கண் ஆபரேஷன் ஆன என் சிநேகிதி ஒருத்தி, சிமிட்டச் சொன்னால் இறுக்க மூடிக்கொள்வாள், திறக்கச் சொன்னால் இமைக்க மாட்டாள். வாசலில் நல்ல வெளிச்சத்துக்கு நாற்காலியைத் தூக்கிப்போட்டு, அவளுக்கு எதிரே நின்று நீயும் சேர்ந்து சிமிட்டினாயே, அது எனக்கு என்றைக்கும் ஓர்மை இருக்கும்.

அரசாங்கம் வருஷத்துக்கு ஒரு தடவைதான் கேட்கிறது. எங்கள் பழைய தபால்காரர் வாட்ஸ்அப் குழு தினமும் கேட்கிறது. காலை வணக்கம் என்று ரோஜாப்பூவும் விளக்கும் குழந்தைப் படமும் அனுப்புகிறோம் என்று பிள்ளைகள் கேலி செய்கிறார்கள், மெமரியை அடைக்கிறது என்பது உண்மைதான். ஆனால் யாருடைய பூ எட்டு மணிக்குள் வரவில்லையோ அவர் வீட்டுக்கு எட்டேகாலுக்கு ஒரு போன் போகும். தனியாக இருக்கிற ஒருவர் குளியலறையில் விழுந்து கிடந்தது அப்படித்தான் தெரியவந்தது. நீ எங்களுக்கு அந்தப் படங்களை மொத்தமாக அழிக்கக் கற்றுக்கொடுத்தாய், அனுப்பாதீர்கள் என்று சொல்லவில்லை. அந்த வித்தியாசம் தெரிந்த பிள்ளை நீ.

நோட்டுப்புத்தக விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கொரு நாப்பது பக்க நோட்டு கொண்டுவரச் சொன்னாய். நாங்களே எங்கள் கையால் படம் வரைந்து, அம்புக்குறி போட்டு எழுத வேண்டும். பச்சை வட்டம், அதற்குள் போன், அதிலிருந்து வலதுபக்கம் அம்பு. வீட்டில் மறந்துபோனால் யாரையும் கூப்பிடாமல் நோட்டைத் திறப்போம். இந்த நோட்டுக்கு ஒரே எதிரி அப்டேட். எல்லோரும் பயன்படுத்துகிற செயலி ஒன்றில், மேலே இருந்த பட்டை 2024-ல் கீழே இறங்கிவிட்டது. ஊரில் பாதிப் பேர் போன் கெட்டுப்போனதென்று உன் கடைக்கு ஓடிவந்தார்கள். நாங்கள் இடத்தை வைத்துப் படிக்கிறவர்கள், அடுக்களையில் உப்பு எங்கே மிளகு எங்கே என்று இருட்டிலும் கை போவது போல. ராத்திரியோடு ராத்திரியாக யாரோ வந்து அலமாரியை மாற்றி அடுக்கிவிட்டுப் போனால் என்ன செய்வது? போன் செயலி எழுதுகிறவர்களில் நம் மாவட்டத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் பெங்களூரிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். உங்கள் அம்மை என்ன செய்வாள் என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுப் பொத்தானை நகர்த்துங்கள் மக்ளே.

உன் வியாபாரத்துக்கு நஷ்டமான ஒன்றையும் நீ செய்தாய். 2024 ஜூலையில் ரீசார்ஜ் விலையெல்லாம் ஏறின பிறகு, பேசுவதற்கு மட்டும் போன் வைத்திருக்கிற கிழவர்களும் டேட்டாவோடு சேர்ந்த பேக்கையே போட வேண்டியிருந்தது. பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டும் தனி பேக் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அந்த வருஷம் டிசம்பரில் உத்தரவு போட்டது. கம்பெனிகள் அதை விளம்பரம் செய்வதில்லை. நீ ஒரு வெள்ளைத்தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கடை முகப்பில் ஒட்டினாய். பார்க்கிறவர்கள் எல்லோரும் அதையே கேட்கிறார்கள், உன் கமிஷன் அதில் எவ்வளவு குறையும் என்று நான் கேட்டதற்கு நீ பதில் சொல்லவில்லை.

வருகிற வியாழக்கிழமை பக்கத்து வீட்டு மைனியைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். எழுபத்தைந்து தாண்டியவள். மகள் புதுப் போன் வாங்கி அனுப்பியிருக்கிறாள், பழசு இல்லை. குரல் செய்தி அனுப்புவது வரைக்கும் நான் சொல்லிக்கொடுத்தாகிவிட்டது, நோட்டில் நாலு பக்கம் எழுதியும் வைத்திருக்கிறாள். கரண்டு பில் கட்டுவதும் ரயில் வருகிற நேரம் பார்ப்பதும் உன் பாடு. இடது காது அவளுக்கு மந்தம், வலதுபக்கம் நின்று சொல்.

அன்புடன்,
பழைய போஸ்டாபீஸ் அம்மா